தொடக்க மதிப்பு இல்லாத மெய்யெண் மாறிகள்: ஜிஃபோர்ட்ரானின் எச்சரிக்கை, அதன் பொறி, வால்கிரிண்ட் ஆகியவற்றைப் பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

வெப்பக் கடத்தலைக் கணக்கிடும் பழைய ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றை நான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 100க்கு 100 புள்ளிகள் கொண்ட கட்டத்தில், ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரியிலிருந்து திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, மாற்றம் மிகச் சிறியதாகும் வரை தொடர்வதே அதன் வேலை. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடையைத் தந்துகொண்டிருந்த அந்த நிரலைப் பல கோர்களில் ஓட்டுவதற்காக ஓபன்எம்பி விருப்பத்தைச் சேர்த்துத் தொகுத்த அன்று விடை மாறியது. மறுபடி ஓட்டியபோது வேறொரு விடை வந்தது. இணைச் செயலாக்கத்தில்தான் பிழை இருக்கிறது என்று நம்பி இரண்டு வாரங்களைச் செலவிட்டேன். உண்மையில், துணைநிரல் ஒன்றின் உள்ளே அறிவிக்கப்பட்டிருந்த ஒரு வேலை அணியின் (இடைக்கணக்கு எண்களை வைக்கும் அட்டவணையின்) விளிம்பு வரிசைகளுக்கு நிரலில் எந்த இடத்திலும் மதிப்பே இடப்பட்டிருக்கவில்லை.

அப்படியானால் அதுவரை விடை சரியாக வந்தது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கருவிகளை எடைபோட முடியும். நான் பயன்படுத்தும் கம்பைலரான (நிரலை இயங்குகோப்பாகத் தொகுக்கும் மென்பொருளான) ஜிஃபோர்ட்ரான், துணைநிரலின் உள்ளூர் அணி 65,536 பைட்டுகளைத் தாண்டினால் அதை ஸ்டாக்கில், அதாவது துணைநிரல்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தில், வைக்காமல் நிலையான நினைவகத்தில் வைக்கிறது. நிலையான நினைவகமோ நிரல் தொடங்கும்போதே பூஜ்யங்களால் நிரம்பியிருக்கும். என் அணி இரட்டைத் துல்லியத்தில் 10,000 எண்கள், அதாவது 80,000 பைட்டுகள். ஆகவே யாரும் கேட்காமலேயே விளிம்புகள் பூஜ்யமாக இருந்தன, அந்தக் கணக்குக்குப் பூஜ்யமே பொருத்தமான மதிப்பாகவும் அமைந்துவிட்டது. ஓபன்எம்பி விருப்பம் வந்ததும் உள்ளூர் அணிகள் எல்லாம் ஸ்டாக்குக்கு மாறின. அங்கே முன்பு ஓடிய துணைநிரல்கள் விட்டுச்சென்ற எச்சங்கள் விளிம்பு வெப்பநிலைகளாக வாசிக்கப்பட்டன. முழு எண்ணாக இருந்திருந்தால் அந்த எச்சம் அணியின் எல்லையைத் தாண்டிச் சென்று நிரலை நிறுத்தியிருக்கக்கூடும். மெய்யெண்ணுக்கு அந்த வாய்ப்பு குறைவு, ஏனெனில் ஏறக்குறைய எந்த 64 பிட்டுகளும் ஏதோ ஒரு செல்லுபடியான எண்ணாகவே பொருள்படும். தவறான எண்ணும் கூட்டப்படும், வகுக்கப்படும், அட்டவணையில் நேர்த்தியாக அச்சாகும்.

அந்த இரண்டு வாரங்களுக்குப் பிறகு, இத்தகைய பிழையைப் பிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை வரிசையாக எடுத்து, அதே நிரலின் பழைய பிரதியில் பிழையை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே விலையில்லாமல் கிடைப்பவை என்பதால், நாம் கொடுக்கும் விலை நேரம் மட்டுமே.

முதலில் தொகுக்கும்போதே எச்சரிக்கும் வசதி. ஜிஃபோர்ட்ரானும் அடங்கிய ஜிசிசி கம்பைலர் குடும்பத்தில் இது இரண்டாகப் பிரிந்திருக்கிறது: மாறி நிச்சயமாக மதிப்பின்றி வாசிக்கப்படுகிறது என்று கம்பைலர் கண்டுபிடித்தால் வருவது டபிள்யூ-அன்இனிஷியலைஸ்டு, சில பாதைகளில் மட்டும் அப்படி நேரலாம் என்று தோன்றினால் வருவது டபிள்யூ-மேபி-அன்இனிஷியலைஸ்டு. இரண்டாவது வகை 2012இல் வெளியான 4.7ஆம் பதிப்பில் தனியாகப் பிரிக்கப்பட்டது. டபிள்யூ-ஆல் என்று கொடுத்தால் இரண்டும் இயங்கும், ஆனால் நிரலை வேகப்படுத்தும் மேம்படுத்தல் நிலை ஓ0 ஆக (மேம்படுத்தலே இல்லாததாக) இருந்தால் இரண்டாவது வகையால் பயனில்லை, ஏனெனில் மேம்படுத்தலின்போதுதான் மாறிகளின் நிலையை ஜிசிசி பின்தொடர்கிறது. இதை அறியாமல் பிழைதிருத்தலுக்காக ஓ0 வைத்துக்கொண்டு, எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று நிம்மதியடைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். கிளாங் கம்பைலரின் எச்சரிக்கை மேம்படுத்தல் நிலையைச் சார்ந்ததன்று. நிரலின் கட்டமைப்பையே நேரடியாகப் படித்து முடிவு சொல்வதால், எந்த நிலையில் தொகுத்தாலும் அதே எச்சரிக்கை வருகிறது. சீ நிரல்களுக்கு இந்தச் சீர்மை பெரிய ஆறுதல்.

ஒற்றை மாறிகளைப் பொறுத்தவரை எச்சரிக்கைக்கு முழு மதிப்பெண் தருவேன். கூட்டுத்தொகை மாறிக்குப் பூஜ்யம் இட மறந்தது, மூன்று கிளைகளில் ஒன்றில் மட்டும் மதிப்பு விடுபட்டது, பெயரில் ஓரெழுத்து இடம் மாறியது ஆகியவற்றை அது நொடியில் காட்டிவிடுகிறது. பெயர்ப் பிழை ஃபோர்ட்ரானுக்கே உரிய ஆபத்து: அறிவிக்கப்படாத பெயர் ஐ முதல் என் வரையிலான எழுத்துகளில் தொடங்கினால் முழு எண், மற்ற எழுத்துகளில் தொடங்கினால் மெய்யெண் என்பது பழைய விதி; ஆகவே எழுத்துப் பிழையொன்று தொடக்க மதிப்பில்லாத புதிய மெய்யெண் மாறியைப் பிறப்பித்துவிடுகிறது. இதற்கு எச்சரிக்கையைக்கூட நம்பியிருக்க வேண்டியதில்லை, இம்ப்ளிசிட் நன் என்ற ஒரு வரியே தொகுப்பை நிறுத்திவிடும்.

ஆனால் என் பிழையை எச்சரிக்கை கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அணியின் 10,000 உறுப்புகளில் எவை நிரப்பப்பட்டன, எவை நிரப்பப்படவில்லை என்பதைத் தொகுக்கும் நேரத்தில் கம்பைலர் தனித்தனியாகக் கணக்கு வைத்திருப்பதில்லை. ஒரு மாறியை இன்னொரு துணைநிரலுக்கு அனுப்பிவிட்டாலும் நிலைமை அதுதான்: அந்தத் துணைநிரல் வேறு கோப்பில் இருந்தால், அங்கே அதற்கு மதிப்பு இடப்பட்டிருக்கலாம் என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். அறிவியல் கணக்கீட்டு நிரல்கள் பெரும்பாலும் அணிகளாலும் துணைநிரல் அழைப்புகளாலும் ஆனவை என்பதால், எச்சரிக்கை எட்டாத பகுதியே அவற்றில் பெரிது. எல்லைச் சோதனைக்காகப் பலரும் போடும் எஃப்-செக்=ஆல் இதையும் கவனித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது அணி எல்லை, சுட்டிகள், மறுஅழைப்பு போன்றவற்றைத்தான் சோதிக்கிறது; தொடக்க மதிப்புச் சோதனை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இரண்டாவது கருவி, இயக்க நேரத்துக்கான பொறி. எஃப்-இனிட்-ரியல்=எஸ்நேன் என்று கொடுத்தால், உள்ளூர் மெய்யெண் மாறிகளையும் அணிகளையும் கம்பைலர் ஒரு சிறப்பு மதிப்பால் நிரப்புகிறது. ஐஇஇஇ 754 தரத்தில் 64 பிட் எண் என்பது 1 குறி பிட், 11 அடுக்கு பிட்டுகள், 52 பின்னப் பிட்டுகள். அடுக்கு முழுவதும் ஒன்றாகவும் பின்னம் பூஜ்யமல்லாததாகவும் இருந்தால் அது எண்ணே அல்ல, நேன் எனப்படுவது. பின்னத்தின் முதல் பிட் ஒன்றாக இருந்தால் அது அமைதியான நேன்: கணக்குகளின் ஊடே ஓசையின்றிப் பரவும். அந்தப் பிட் பூஜ்யமாக இருந்தால் அது குரல் கொடுக்கும் நேன், அதாவது எஸ்நேன்: அதைக் கூட்டவோ பெருக்கவோ முற்பட்ட உடனேயே செயலி முறைகேடான செயல் என்று கொடி உயர்த்தும். எஃப்எஃப்பிஇ-டிராப்=இன்வேலிட் என்ற விருப்பத்தையும் சேர்த்தால், கொடி உயர்ந்த இடத்திலேயே நிரல் நின்று, ஜி விருப்பத்துடன் தொகுத்திருந்தால் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லிவிடும்.

என் நிரலில் இதன் விளைவு என்னை அசைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். இரண்டு வாரங்கள் தேடிய பிழையின் வரியில், நான்கு அண்டை மதிப்புகளைக் கூட்டும் அதே வரியில், முதல் சுற்றிலேயே நிரல் நின்றது. ஓபன்எம்பி இல்லாமல், விடை சரியாக வந்துகொண்டிருந்த பழைய தொகுப்பிலும் அங்கேயே நின்றது. அணி எந்த நினைவகத்தில் இருந்தாலும் துணைநிரலுக்குள் நுழையும்போது எஸ்நேன் நிரப்பப்படுவதால், தற்செயலான பூஜ்யங்களுக்குப் பின்னால் பிழை ஒளிந்துகொள்ள வழியில்லாமல் போகிறது. வேகக் குறைவும் கவனத்துக்கு வரவில்லை, ஏனெனில் கண்காணிப்பது மென்பொருள் அன்று, செயலியே.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது, அவை சிறியவையும் அல்ல. நிரப்புதல் உள்ளூர் மாறிகளுக்கு மட்டுமே. பல துணைநிரல்கள் பகிர்ந்துகொள்ளும் மாட்யூல் மாறிகளும் காமன் தொகுதிகளும் அதில் அடங்கா. அலொகேட் செய்யப்படும் (நிரல் ஓடும்போது நினைவகம் ஒதுக்கப்படும்) அணிகளையும், சுட்டிகளையும், ஈக்விவேலன்ஸில் வரும் (ஒரே நினைவிடத்தைப் பகிரும்) மாறிகளையும் நிரப்பாது என்று கையேடே தெளிவாகச் சொல்கிறது. இன்று எழுதப்படும் ஃபோர்ட்ரானில் பெரிய அணிகள் எல்லாமே அலொகேட் செய்யப்படுபவை என்பதை நினைத்தால், இந்த இடைவெளி எவ்வளவு அகலமானது என்பது விளங்கும். மதிப்பை இன்னொரு மாறிக்கு நகலெடுப்பது மட்டும் பொறியைத் தூண்டாது. இன்டெல் வகைச் செயலிகளின் எஸ்எஸ்இ கட்டளைகளில் நகர்த்தல் வெறும் நகர்த்தல்தான், கணக்குச் செய்தால்தான் குரல் எழும். மேம்படுத்தலின்போது எஸ்நேன் அமைதியான நேனாக மாறிவிடக்கூடும் என்பதும் கையேட்டிலேயே உள்ள எச்சரிக்கை, ஆகவே இதை ஓ0 நிலையில் ஓட்டுவதே பாதுகாப்பு. பொறியை இயக்குவது ஃபோர்ட்ரான் முதன்மை நிரலின் தொடக்கத்தில் சேர்க்கப்படும் ஓர் அழைப்பு என்பதால், முதன்மை நிரல் சீயிலோ பைத்தானிலோ இருந்து, ஃபோர்ட்ரான் அதன் கீழ் நூலகமாக மட்டும் இருந்தால், பொறி விழவே விழாது. எஸ்நேன் முதல் கூட்டலிலேயே அமைதியான நேனாகி விடை முழுவதும் பரவும். லினக்ஸில் சீ பக்கத்திலிருந்து ஃபீ-எனேபிள்-எக்செப்ட் என்ற குனூ செயல்கூற்றை அழைத்து இதைச் சரிசெய்யலாம். செயலி ஆர்ம் வகையாக இருந்தால் முதலில் ஒரு சிறு சோதனை நிரலால் பொறி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ம்வி8 வரையறையில் இந்தப் பொறி வசதி கட்டாயமில்லை, எத்தனையோ செயலிகளில் அது கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று கையேட்டில் அந்தப் பகுதியின் கடைசி வரியாக இருக்கிறது. எஃப்-இனிட் வகை விருப்பங்களில் எதையேனும் இயக்கினால், அதனால் பாதிக்கப்படும் உள்ளூர் மாறிகளுக்கு வர வேண்டிய தொகுப்பு நேர எச்சரிக்கைகள் அடங்கிவிடும். கம்பைலரின் பார்வையில் அந்த மாறிக்கு இப்போது மதிப்பு இருக்கிறதல்லவா, எச்சரிக்க என்ன இருக்கிறது? இதன் நடைமுறை விளைவு கொடியது. இரண்டு பாதுகாப்பும் வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு இரண்டையும் ஒரே கட்டளை வரியில் போடுபவர், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அணைத்துவிடுகிறார். அதன் பிறகு, அன்றைய சோதனையில் ஓடாத கிளையில் இருக்கும் பிழையைப் பொறியாலும் காண முடியாது, எச்சரிக்கையும் வராது. எச்சரிக்கைக்கு மேம்படுத்தல் தேவை, பொறிக்கு மேம்படுத்தல் ஆகாது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், இவை இரண்டும் ஒரே தொகுப்பில் வாழக்கூடியவை அல்ல என்பது எனக்கு உறுதியாகிறது. ஓ2 நிலையில் எச்சரிக்கைக்காக ஒரு தொகுப்பு, ஓ0 நிலையில் பொறிக்காக இன்னொரு தொகுப்பு என்று, தொகுப்புக் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் இரண்டு இலக்குகளை வைத்திருக்கிறேன். முதலாவது உருவாக்கும் இயங்குகோப்பை நான் ஓட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

சீ, சீ பிளஸ் பிளஸ் நிரல்களுக்காக 2022இல் வந்த ஜிசிசி 12இல் சேர்க்கப்பட்ட எஃப்-டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட் இந்த விஷயத்தில் நன்றாகச் சிந்தித்து வடிவமைக்கப்பட்டிருக்கிறது: கம்பைலர் மாறியை நிரப்பினாலும், நிரலாளர் மதிப்பு இடவில்லை என்பதை மறக்காமல் எச்சரிக்கையைத் தொடர்ந்து தருகிறது. ஃபோர்ட்ரான் பக்கத்திலும் இதே நடத்தை வர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் மெய்யெண்களுக்கு அது நிரப்பும் மதிப்புதான் ஏமாற்றம். பேட்டர்ன் என்ற தேர்வில் ஜிசிசி ஒவ்வொரு பைட்டிலும் 254 என்ற எண்ணை வைக்கிறது. இரட்டைத் துல்லிய மாறியில் அது ஏறத்தாழ மைனஸ் 5.3 பெருக்கல் 10இன் 303ஆம் அடுக்கு என்ற செல்லுபடியான எண்ணாக வாசிக்கப்படும். அவ்வளவு பெரிய எண் விடையில் தென்பட்டால் கண்ணில் படும்தான், எனினும் அதைக் கொண்டு ஓர் எண்ணை வகுத்தால் கிடைப்பது பூஜ்யத்தை ஒட்டிய, சந்தேகத்துக்கு இடம் தராத ஒரு சிறு மதிப்பு. கிளாங் அதே விருப்பத்துக்கு மெய்யெண்களில் எல்லாப் பிட்டுகளையும் ஒன்றாக்கி நேனாக நிரப்புகிறது, இது எனக்கு உகந்த முடிவு. ஆனால் அது அமைதியான நேன் என்பதால், கூட்டலில் பொறி விழாது.

மூன்றாவதாக, ஓடும் நிரலின் நினைவகப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் வால்கிரிண்ட். 2002 முதல் புழக்கத்தில் இருக்கும் இதன் மெம்செக் கருவி, நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் அது மதிப்புப் பெற்றதா இல்லையா என்று நிழல் பதிவு வைத்திருக்கிறது. நிரலை மறுபடி தொகுக்க வேண்டியதில்லை; அலொகேட் செய்த அணிகளையும் விட்டுவிடாது. எஸ்நேன் பொறி கைவிட்ட இடத்தில் இது துணைநிற்கிறது என்பதற்காகவே இதை நான் கைவிடமாட்டேன். ஆனால் பழைய, ஓபன்எம்பி இல்லாத தொகுப்பில் என் பிழையைப் பற்றி மெம்செக் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. காரணம் எளியது: நிலையான நினைவகம் இயங்குதளத்தால் பூஜ்யமாக்கப்பட்டே வருகிறது, மெம்செக்கின் கணக்கில் அது முறையாக மதிப்புப் பெற்ற நினைவகம். ஓபன்எம்பி தொகுப்பில் புகார் வந்தது, ஆனால் பிழை நிகழ்ந்த கூட்டல் வரியில் வரவில்லை. மதிப்பற்ற எண்ணை நகலெடுப்பதையும் கூட்டுவதையும் மெம்செக் குற்றமாகக் கொள்வதில்லை. கறை படிந்த அந்த எண்ணைக் கொண்டு நிரல் ஒரு முடிவெடுக்கும்போதுதான் பேசுகிறது. எனவே புகார், மாற்றம் போதுமான அளவு குறைந்ததா என்று ஒப்பிடும் இஃப் வரியில் வந்தது. டிராக்-ஆரிஜின்ஸ் விருப்பத்தைச் சேர்த்தபோது, அந்த மதிப்பு எந்தத் துணைநிரலின் ஸ்டாக்கில் பிறந்தது என்று காட்டியது. எந்த அணி, எந்த உறுப்பு என்பதை நானேதான் தேட வேண்டியிருந்தது.

விலையும் அதிகம். நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாகும் என்கிறது அதன் கையேடு. 10 நிமிட ஓட்டம் 3 மணி 20 நிமிடத்திலிருந்து 5 மணி நேரம் வரை நீளும் என்று பொருள். பிறப்பிடம் தேடும் விருப்பம் அந்த வேகத்தையும் பாதியாக்கும். பல திரிகளை அது ஒரு நேரத்தில் ஒன்றாகவே ஓட்டுவதால் கோர்களின் எண்ணிக்கை உதவாது. ஆகவே மெம்செக்குக்கென்று 100க்கு 100 கட்டத்தைச் சுருக்கி, சில சுற்றுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்; பிழையின் இயல்பு கட்டத்தின் அளவைப் பொறுத்ததாக இல்லாதவரை இது போதும். எஸ்நேன் பொறி வைத்துத் தொகுத்த இயங்குகோப்பை வால்கிரிண்டில் ஓட்டி இரண்டு பலனையும் பெற நினைப்பவர்களுக்கு ஓர் அறிவுரை: பலிக்காது. மெய்யெண் விதிவிலக்குகளுக்கு ஐஇஇஇ தரத்தின் இயல்பான தீர்வை மட்டுமே வால்கிரிண்ட் செயல்படுத்துகிறது, பொறிக்கு அங்கே இடமில்லை. போதாக்குறைக்கு, எஸ்நேன் நிரப்பிய மாறி மெம்செக்கின் கண்ணுக்கு மதிப்புப் பெற்ற மாறியாகத் தெரியும். இங்கும் ஒன்று மற்றொன்றை மறைக்கிறது.

கிளாங்கின் மெமரி சானிடைசர் மெம்செக்கின் அதே வேலையைத் தொகுப்பின்போதே நிரலுக்குள் புகுத்திச் செய்வதால் சுமார் 3 மடங்கு மெதுவாக்குவதோடு நின்றுவிடுகிறது. சீ பிளஸ் பிளஸ் நிரலாளர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன், நிரலோடு இணையும் நூலகங்கள் எல்லாவற்றையும் அதே விருப்பத்துடன் தொகுக்க முடியும் என்றால். ஒரு நூலகம் விடுபட்டாலும் பொய்ப் புகார்கள் குவியும். ஜிசிசியில் இது இல்லை என்பதால் என் ஃபோர்ட்ரானுக்கு அது கிட்டவில்லை.

இந்தக் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்குபவர்களிடம் நான் மனமார வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. எச்சரிக்கை வந்ததும், என்ன மதிப்பு இருக்க வேண்டும் என்று யோசிக்காமல், அறிவிப்பின் அடியில் பூஜ்யம் இட்டு எச்சரிக்கையை வாயடைக்காதீர்கள். எச்சரிக்கை பல நேரங்களில் பொய்யாகவும் வரும். ஒரே நிபந்தனையின் கீழ் மதிப்பிட்டு அதே நிபந்தனையின் கீழ் வாசிக்கும் நிரலைக்கூட அது சந்தேகிப்பதுண்டு. ஆனால் காரணமின்றி இட்ட பூஜ்யம் எஸ்நேன் பொறியையும், மெம்செக்கையும், சானிடைசரையும் ஒருசேரக் குருடாக்கிவிடும். என் நிரலில் நிகழ்ந்ததும் அதுவே, இயங்குதளம் இட்ட பூஜ்யம் என்பதுதான் வேறுபாடு. ஜாவா, மதிப்பிடப்படாத உள்ளூர் மாறியை வாசிக்கும் நிரலைத் தொகுக்கவே மறுக்கிறது. டி மொழியோ மெய்யெண் மாறிகளை இயல்பாகவே நேனால் நிரப்புகிறது. அம்மொழிகளை வடிவமைத்தவர்கள் இருவேறு வழிகளில் சென்றாலும் இருவருமே பூஜ்யத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஒரு கருவியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், அணிகள் நிறைந்த ஃபோர்ட்ரானுக்கு நான் எஸ்நேன் பொறியையே வைத்துக்கொள்வேன். சிறு மாறிகளும் கிளைகளும் மிகுந்த சீ நிரலுக்குக் கிளாங்கின் எச்சரிக்கையை. அலொகேட் செய்யும் அணிகளுக்கான இடைவெளியை மட்டும் கையால் அடைத்திருக்கிறேன். அலொகேட் வரிக்கு அடுத்து, சோதனைத் தொகுப்பில் மட்டும் இயங்கும் ஒரு சிறு துணைநிரலை அழைக்கிறேன். அடுக்குப் பிட்டுகள் எல்லாம் ஒன்று, பின்னத்தின் முதல் பிட் பூஜ்யம், இரண்டாவது பிட் ஒன்று, மற்றவை பூஜ்யம் என்ற அமைப்பு 64 பிட் முழு எண்ணாக 9219994337134247936 ஆகும். அதை டிரான்ஸ்ஃபர் செயல்கூற்றால் பிட்டுகள் மாறாமல் மெய்யெண்ணாக மாற்றி அணி முழுவதும் நிரப்புவதே அந்தத் துணைநிரலின் வேலை. அதைச் சேர்த்த வாரத்திலேயே, இதுவரை யாருடைய கண்ணிலும் படாத இன்னொரு விளிம்பு வரிசையில் நிரல் நின்றது.